கலரை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க: பழைய பிக்கப்பில் புது ரேடியோ

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா, "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற?" என்று ஆரம்பிக்கிற வேலைகள் வரிசையாகக் காத்திருக்கும். மிக்ஸி, இன்வெர்ட்டர், டிவி ரிமோட். அந்த வரிசையில் அடிக்கடி வருவது சித்தப்பாவோட பிக்கப்பில் பாடாத பாட்டு செட். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பொலிரோ பிக்கப்போ, குட்டி யானையோ, எதுவாகவும் இருக்கலாம். கேசட் செட் செத்துப்போய் பல வருஷம். அதுக்கு அப்புறம் போட்ட யூஎஸ்பி செட்டும் இப்போ லைட் மட்டும் எரியுது. "புதுசு ஒண்ணு வாங்கியாச்சு, நீ மாட்டிக் குடு" என்பார்.

மாட்டிக் குடுங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனா ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க. அது ஞாயிற்றுக்கிழமை ஜாலியாகச் சுத்துற கார் கிடையாது. ராத்திரி ஒரு மணிக்குத் தக்காளி ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போற வண்டி. நீங்க ஒரு வயரை மாத்திக் குடுத்து, நாலு நாள் கழிச்சு அந்த நேரத்தில் செல்ஃப் அடிக்கலைன்னா, போறது பாட்டு மட்டும் இல்லை, அன்னைக்கு லோடும் போச்சு.

யூடியூபில் இதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. எல்லாத்திலும் "மஞ்சளை மஞ்சளோட சேருங்க, சிவப்பைச் சிவப்போட சேருங்க" என்று முடிச்சுடுவாங்க. புது காரில் அது சரியாகவே வரும். பழைய பிக்கப்பில் உங்களுக்கு முன்னாடி மூணு எலக்ட்ரீஷியன் கை வெச்சிருப்பார். ஒவ்வொருத்தரும் அன்னைக்குக் கையில் இருந்த வயர் ரோலைத்தான் போட்டிருப்பார். பூராவும் சிவப்பு வயரிலேயே ஓடுற வண்டிகூட உண்டு. கம்பெனி வயரிங்கிலேயே பொறி இருக்கும். டொயோட்டாவின் பழைய பத்து பின் கப்ளரில் எர்த் வயரின் நிறம் பிரவுன். அதே வண்டியின் பின் ஸ்பீக்கர் வயர்களில் ஒன்றுதான் கறுப்பு. "கறுப்புன்னா எர்த்" என்று நம்பி அதைப் பாடியில் முறுக்கினவங்க கதை கீழே வரும்.

முதல் வேலை, பேட்டரி. இன்ஜின் ஆஃபில் மீட்டரை வெச்சா 12.4-லிருந்து 12.7 வோல்ட் வரைக்கும் காட்டணும். ஸ்டார்ட் பண்ணினா 13.8-லிருந்து 14.4. இருபத்து நாலு காட்டினால் நீங்க நிக்கிறது பிக்கப் பக்கத்தில் இல்லை, லாரி பக்கத்தில். 12 வோல்ட் செட்டை அதில் நேராகக் கொடுக்கக் கூடாது. அளந்து முடிச்சதும் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழட்டுங்க. பாசிட்டிவை முதலில் கழட்டப் போனால், ஸ்பானர் பாடியில் தெரியாமல் பட்டதும் முழு பேட்டரியும் ஸ்பானர் வழியாக ஷார்ட் ஆகும். திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

அளவு

டேஷ்போர்டில் இருக்கிற அந்தச் செவ்வக ஓட்டைக்கு ஒரு ஸ்டாண்டர்டு உண்டு. அகலம் 180 மி.மீ, உயரம் 50 மி.மீ. ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பான டின் போட்ட அளவு என்பதால் கடையில் "சிங்கிள் டின்" என்பாங்க. உயரம் ரெட்டிப்பானால் "டபுள் டின்". முன்பக்கம் எல்லாரும் அளப்பாங்க, ஆழத்தை யாரும் அளக்க மாட்டாங்க. சிடி மெக்கானிசம் உள்ள செட் பின்னால் நீளமாக இருக்கும். பிக்கப் டேஷ்போர்டுக்குப் பின்னால் வைப்பர் மோட்டார் லிங்க்கோ ஹீட்டர் டக்ட்டோ இடிக்கும். சிடி இல்லாத, யூஎஸ்பியும் ப்ளூடூத்தும் மட்டும் உள்ள செட் குட்டையாக இருக்கும். இந்த வண்டிக்கு அதுவே போதும். குலுங்குற ரோட்டில் சிடி எப்படியும் ஜம்ப் ஆகும்.

பழைய செட்டைச் சுத்தி ஒரு தகரக் கூடு இருக்கும். அதன் ஓரத் தகடுகளை உள்ளே மடக்கித்தான் அது டேஷ்போர்டைப் பிடிச்சிருக்கு. பக்கவாட்டில் மெல்லிய தகட்டுச் சாவி விட்டு இழுத்தால் செட் வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக்தான் வெளியே வரும்.

மூணு வயர்

புது செட்டின் பின்னால் கத்தையாக வயர் இருந்தாலும், உயிர் மூணில்தான். மஞ்சள், எப்பவும் 12 வோல்ட் வரவேண்டியது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வரவேண்டியது. கறுப்பு, எர்த். செட்டின் வயர்களில் இந்த நிறங்களைப் பெரும்பாலும் நம்பலாம், மேலே ஒட்டியிருக்கிற படத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்க. நம்பக் கூடாதது வண்டியின் வயர்களை.

பேட்டரியைத் திரும்ப மாட்டி, வண்டி வயர்களின் நுனிகள் ஒன்றோடொன்று தொடாதபடி பிரிச்சு வெச்சுட்டு, மீட்டரை 20 வோல்ட் டிசியில் போடுங்க. கறுப்பு ப்ரோபை பெயிண்ட் இல்லாத போல்ட்டில் வையுங்க. சாவி ஆஃபில் 12 காட்டுற வயர் மஞ்சளுக்கு. சாவியை ஒரு படி திருப்பினதும் புதுசாக 12 காட்டுவது சிவப்புக்கு. பார்க் லைட் போட்டால் மட்டும் வருவது டிஸ்ப்ளே வெளிச்சத்துக்கு, அதை விட்டாலும் பரவாயில்லை. கண்டுபிடிச்ச ஒவ்வொன்றிலும் பேப்பர் டேப் ஒட்டிப் பேனாவில் எழுதிடுங்க.

இங்கே மீட்டரும் ஒரு இடத்தில் ஏமாத்தும். டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 மெகா ஓம். பச்சை பூத்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கிட்டிருக்கிற வயரும் அதில் ஜம்முன்னு 12 வோல்ட் காட்டும். லோடு கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் கையில் இருக்குமே டெஸ்ட் லேம்ப், அதைப் பார்த்துச் சிரிக்காதீங்க. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போதே மீட்டரில் வோல்டேஜ் பாருங்க. 12 என்பது 9 ஆகிப்போனால் அந்த வயர் வேலைக்கு ஆகாது. எர்த்தையும் இதே மாதிரி சோதிங்க, பல்பின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், இன்னொரு முனை எர்த் வயரில். ஓம் ரேஞ்சில் 0.5 காட்டுற எர்த் "கிட்டத்தட்ட ஜீரோதானே" என்று தோணும். 8 ஆம்பியர் ஓடினால் அதே 0.5 ஓம் 4 வோல்ட்டைத் தின்னுடும். பாட்டின் பேஸ் அடிக்கும்போதெல்லாம் செட் ஆஃப் ஆகி ஆன் ஆகுது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கு.

சாவி எடுத்தாலும் பாட்டு கேட்கணும், லோடு இறக்கும்போது போரடிக்குது என்று சித்தப்பா சொல்வார். அதுக்காக மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணாகச் சேர்த்து நேரா பேட்டரியில் கொடுக்கிற பழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் சகஜம். செட் அப்போ எப்பவும் விழிச்சே இருக்கும். முகப்பில் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணினாலும் உள்ளே கொஞ்சம் கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும். உதாரணத்துக்கு 0.3 ஆம்பியர் என்று வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர். 60 ஆம்பியர்-அவர் புது பேட்டரி நாலு நாள் தாங்கும், அதுக்குள்ளேயே பாதி காலி. மூணு வருஷப் பழசு, ஏற்கெனவே பாதி கொள்ளளவுதான் என்றால் ரெண்டு நாள். பொங்கலுக்கு நாலு நாள் வண்டியை நிறுத்தி வெச்சுட்டு, அஞ்சாவது நாள் ராத்திரி ஸ்டார்ட் பண்றதை நினைச்சுப் பாருங்க. சாவி இல்லாமல் பாட்டு வேணும்னா, மஞ்சளில் இருந்து ஒரு சின்ன சுவிட்ச் வழியாகச் சிவப்புக்குக் கொடுங்க. சுவிட்ச் போட்டது அவர் கண்ணுக்குத் தெரியுற இடத்தில் இருக்கணும், அதுவும் எரியுற லைட்டோட.

பெரும்பாலான இப்போதைய செட்களில் சிவப்பு வெறும் சிக்னல் மாதிரிதான், ஆம்ப்ளிஃபையருக்கான கரண்ட் முழுக்க மஞ்சளில் வருது. அதனால் மஞ்சள் வழி தடிமனாக இருக்கணும். 0.75 சதுர மி.மீ காப்பர் வயரின் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்கு 0.023 ஓம். ரெண்டு மீட்டர் ஓட்டத்தில் 10 ஆம்பியர் போனால் கிட்டத்தட்ட அரை வோல்ட் போகும். பேட்டரியில் இருந்து புதுசாக இழுத்தால் 1.5 அல்லது 2.5 சதுர மி.மீ போடுங்க, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸும் போடுங்க. ஃபியூஸ் செட்டைக் காப்பாத்த இருக்குன்னு நினைக்கிறோம். அது காப்பாத்துவது வயரை. டேஷ்போர்டுக்குள் வயர் உரசி பாடியில் பட்டால், ஃபியூஸ் இல்லாத வயர் ஹீட்டர் சுருள் மாதிரி சிவக்கும். சிகரெட் அட்டைத் தகட்டைச் சுத்தின ஃபியூஸ் எங்காவது இருந்தால் அதையும் அன்னைக்கே தூக்கிப் போடுங்க.

ஸ்பீக்கர்தான் பெரிய மேட்டர்

புது செட் மாட்டின அன்னைக்கே கருகுதுன்னா, பத்தில் பாதி தடவை காரணம் ஸ்பீக்கர் வயர் என்று நான் அடிச்சுச் சொல்வேன். இது வயரிங் பழக்கம் மாறின கதை.

பழைய ரேடியோக்களின் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரின் ஒரு முனைக்குத்தான் சிக்னல். இன்னொரு முனை எர்த். நடுவில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் டிசியைத் தடுக்கும். அதனால் வண்டி செய்யும்போது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு வயர்தான் இழுப்பாங்க, மறுமுனையைக் கதவின் தகரத்திலேயே முடிச்சுடுவாங்க. வயர் மிச்சம். இதில் பவர் ரொம்பக் குறைவு. 14.4 வோல்ட் சப்ளையில் சிக்னல் நடுவில் இருந்து மேலே 7.2, கீழே 7.2 தான் ஆடமுடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் கணக்குப் போட்டால் சைன் வேவுக்கு 6.5 வாட்டுக்குள்தான்.

இப்போ வர்ற செட்களில் பிரிட்ஜ் அமைப்பு. ஸ்பீக்கரின் ரெண்டு முனையிலும் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையர். ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே போகும். ஸ்பீக்கருக்குக் கிடைக்கிற வோல்டேஜ் ரெட்டிப்பு, அதனால் பவர் நாலு மடங்கு, சுமார் 26 வாட். நஷ்டங்கள் போக இருபது வாட் பக்கம் நிஜமாக வரும். கெப்பாசிட்டர் தேவையில்லை, காரணம் ரெண்டு முனையும் சப்ளையில் பாதி வோல்டேஜில், அதாவது 6, 7 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் ஜீரோ என்பதால் ஸ்பீக்கருக்கு டிசி தெரியாது.

அந்த "ஸ்பீக்கர் மைனஸ்" வயரைக் கொண்டுபோய் பாடியில் கொடுத்தால் என்ன ஆகும்? 7 வோல்ட்டில் இருக்கிற அவுட்புட் நேரா எர்த்துக்கு ஷார்ட். நல்ல ஐசி என்றால் தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கும், டிஸ்ப்ளேயில் "ப்ரொடெக்ட்" என்று வரும். மலிவு செட் என்றால் வாசனை வரும். டொயோட்டாவில் கறுப்பு வயரை எர்த் என்று முறுக்கினவங்களுக்கு நடந்ததும் இதுதான்.

கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் போதும். செட் மாட்டாத நிலையில், மீட்டரை ஓம் ரேஞ்சில் வெச்சு ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் நடுவில் அளங்க. எதுவுமே காட்டக் கூடாது, ஓப்பன். ஏதாவது ஒன்று 3 அல்லது 4 ஓம் காட்டினால், அந்த ஸ்பீக்கரின் மறுமுனை தகரத்தில் முடிஞ்சிருக்கு. ஜீரோ காட்டினால் எர்த் முனையையே பிடிச்சிருக்கீங்க, இல்லைன்னா கதவு கீலில் வயர் நசுங்கியிருக்கு. எந்தக் கேஸாக இருந்தாலும் தீர்வு ஒன்றுதான், ஸ்பீக்கருக்கு ரெண்டு வயர் புதுசாக இழுங்க. பிக்கப் கேபினில் ரெண்டே ஸ்பீக்கர், ஆறேழு மீட்டர் வயர். இதில் சோம்பல் படாதீங்க.

நல்ல ஜோடிக்கு நடுவில் அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2-லிருந்து 3.8 வரை காட்டும். அது டிசி ரெசிஸ்டன்ஸ், ரிப்பேர் கிடையாது. பிளஸ் மைனஸ் தெரியலைன்னா ரிமோட்டில் போடுற 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டு எடுங்க. கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் பட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். ரெண்டு ஸ்பீக்கரும் எதிரெதிர் போலாரிட்டியில் இருந்தால் ஒண்ணும் எரியாது, ஆனா தவில், பேஸ் எல்லாம் கேபினுக்கு நடுவில் காணாமல் போகும்.

செட்டில் நாலு சேனல் இருக்கும், வண்டியில் ரெண்டு ஸ்பீக்கர். மிச்ச ரெண்டு சேனலை "சேர்த்து விட்டால் சவுண்டு அதிகமாகும்" என்று யாராவது ஐடியா கொடுப்பாங்க. கூடவே கூடாது. ரெண்டு ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் ஒன்றையொன்று இழுத்துச் சாகும். மீதி வயர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப் சுத்தி ஓரமாகக் கட்டுங்க. வெள்ளைக் கோடு போட்ட நீல வயரும் அப்படித்தான். அது 12 வோல்ட் வெளியே கொடுக்கிற வயர், அதுக்கு நாம எதுவும் கொடுக்கக் கூடாது.

சைடில் ஒரு சின்னக் கணக்கு, அட்டைப் பெட்டியில் "50 வாட் இன்டு 4" என்று போட்டிருக்குமே. 14.4-ன் வர்க்கம் வகுத்தல் 4, அது 51.8. அதாவது ஸ்பீக்கருக்கு முழு ஸ்கொயர் வேவ், சுத்தமான இரைச்சல் கொடுத்தால் வர்ற வாட். அதே செட்டின் பின்னால் ஃபியூஸைப் பாருங்க, 10 ஆம்பியர். 14.4 வோல்ட்டில் உள்ளே போகக்கூடியதே 144 வாட். வெளியே 200 வாட் எப்படி வரும்? மார்க்கெட்டிங் டிப்பார்ட்மென்ட்டுக்கும் நம்ம நெட்வொர்க் தியரி பேப்பர் உண்டான்னு தெரியலை. அந்தக் காசை நல்ல ஸ்பீக்கரில் போடுங்க. குட்டி யானையில் சீட்டுக்கு அடியிலேயே டீசல் இன்ஜின் ஓடுது, அங்கே வாட்டைவிட தெளிவுதான் காதில் விழும்.

ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா கூடவே பாடுது

எல்லாம் மாட்டியாச்சு, பாட்டு வருது, கூடவே ஒரு "ங்ங்ங்ஈஈ". மிதிக்க மிதிக்க சுருதி ஏறும். இது ஆல்டர்னேட்டரின் குரல். மூணு ஃபேஸ் ஏசியை ஆறு டையோடு டிசியாக்குது, ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஆறு சின்ன மேடு மிச்சமிருக்கும். இன்ஜின் 2000 ஆர்பிஎம், புல்லி விகிதம் 2, ஆல்டர்னேட்டரில் 12 போல் என்று வெச்சால், 400 ஹெர்ட்ஸ் இன்டு 6, அதாவது 2400 ஹெர்ட்ஸ். காது நல்லாக் கேட்கிற இடம். கடைக்காரர் உடனே ஃபில்டர் விற்பார். முதலில் எர்த்தைப் பாருங்க. செட்டின் கறுப்பு வயரை டேஷ்போர்டு ஸ்க்ரூவில் மாட்டாமல், பெயிண்ட் சுரண்டின பாடி இரும்பில் நட்டு போல்ட்டாக முறுக்கினாலே பெரும்பாலும் போயிடும். போனை சார்ஜில் போட்டு, ஆக்ஸ் வயரும் குத்தினால் மட்டும் சத்தம் வருதுன்னா அது கிரவுண்ட் லூப். ப்ளூடூத்துக்கு மாறுங்க, முடிஞ்சது.

ஜாயின்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. முறுக்கி டேப் சுத்துறது சித்திரை வெயிலில் பசை இளகி அவிழும். சால்டர் நல்லதுதான், ஆனா சால்டர் முடியுற இடத்தில் வயர் விறைப்பாகி, வண்டி அதிர்ச்சியில் அங்கேதான் ஒடியும். கம்பெனி வயரிங் முழுக்கக் கிரிம்ப் பண்ணியிருப்பது சும்மா இல்லை. கிரிம்ப் ஸ்லீவ், மேலே ஹீட் ஷ்ரிங்க், அப்புறம் கத்தையைக் கேபிள் டையால் கட்டி எதிலும் உரசாமல் பண்ணுங்க.

இன்னொன்று சித்தப்பாகிட்டச் சொல்லியே ஆகணும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி "டைனமோ சார்ஜ் ஆகுதா" என்று பார்க்கிற பழைய மெக்கானிக் வித்தை. பேட்டரி திடீர்னு விலகினால் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஒரு கணம் 100 வோல்ட் பக்கம் வரைக்கும் எகிறலாம். கேசட் காலத்து வண்டி தாங்கியிருக்கலாம், இப்போ மாட்டின செட் தாங்கும்னு சொல்ல முடியாது.

ஸ்டேஷன் கிடைக்கலைன்னா

100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர், கால் பங்கு 75 செ.மீ. ஆன்டெனா கம்பி அந்த நீளத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அடிப்பாகம் பாடியோடு எர்த் ஆகியிருக்கணும். துரு பிடிச்ச அடிப்பாகத்தைச் சுரண்டினாலே பாதிக் கரகரப்பு போகும். எஃப்எம் சார்ஜர் குத்தினால் மட்டும் இரையுதுன்னா தப்பு சார்ஜரில் இருக்கு.

பழைய மார்க்கெட்டில் ஜப்பான் செட் மலிவாகக் கிடைக்கும். அங்கே எஃப்எம் பேண்ட் 76-ல் ஆரம்பிச்சு பழைய செட்களில் 90-லேயே முடியும். நம்ம ஊர் 93.5-உம் 98.3-உம் அதில் வரவே வராது. அமெரிக்க செட்டிங்கில் இருக்கிற செட் வேற மாதிரி படுத்தும். அது 0.2 தாவலில் ஒற்றைப்படை தசமத்தில் மட்டுமே நிற்கும், 98.3 கிடைக்கும், 101.4-உம் 106.4-உம் சரியாகப் பிடிக்காது. மீடியம் வேவில் அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் தாவல், இங்கே 9. திருச்சி வானொலியின் 936-ஐ அது தாண்டிப் போயிடும். மெனுவில் ஏரியா செட்டிங்கை மாத்தினால் சரியாகும், செட்டைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

கடைசியாக ஒரு அளவு பாக்கி. சாவியை எடுத்து, கதவை மூடி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் சீரியஸாக வையுங்க. அந்த நிலையில் யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போயிடும். சில பத்து மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. 0.3 காட்டினால் சிவப்பு வயருக்குத் திரும்பப் போங்க.

செட்டை உள்ளே தள்ளுறதுக்கு முன்னாடி, எந்த வயர் எதுக்குன்னு ஒரு பேப்பரில் தமிழிலேயே எழுதி, கண்ணாடி டேப் போட்டு செட்டின் மேல்பக்கம் ஒட்டிடுங்க. அடுத்து அதைத் திறக்கப் போறவர் அந்த ஊர் எலக்ட்ரீஷியன். அப்போ நீங்க ஹாஸ்டலில் இருப்பீங்க.